நாயகனின் நண்பனுக்கு ஒரு வீடு வேண்டும்

தமிழ்த் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் எழுதி இயக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய இயக்குநர்களே, கதாசிரியர்களே,

வணக்கம்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி மாலை, 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளின் பட்டியல் வெளியானபோது நான் டப்பிங் கூடத்தில் வேலையாக இருந்தேன். ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருது என்று யாரோ செல்பேசியைப் பார்த்துச் சொன்னார்கள். குரல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கலைஞர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கைதட்டினார். ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னோம். பின்னணிக் குரல் கலைஞராகவும் மைக் முன்னால் நின்று உழைத்தவர் பாஸ்கர். எங்களுக்கு அது சொந்த வீட்டுக்கு வந்த விருது.

அடுத்த சில நாட்கள் செய்திகளைப் படிக்கப் படிக்க மனம் கசந்தது. நகைச்சுவை நடிகராக இருந்தவர் குணச்சித்திர நடிகராக உயர்ந்துவிட்டார் என்ற பொருளில் நான் படித்த பலவற்றில் எழுதியிருந்தார்கள். ‘உயர்ந்துவிட்டார்’ என்ற அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. சிரிக்க வைத்த காலமெல்லாம் அவர் எந்தப் பள்ளத்தில் இருந்தார்? எழுதிய நிருபர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்கள் கதை எழுதுகிறவர்கள். ஆகவே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக டப்பிங் ஒலிப்பதிவு செய்கிறேன். படப்பிடிப்பில் நீங்கள் ஓரிரு முறை பார்க்கும் முகத்தை நான் இருட்டில் உட்கார்ந்து முப்பது முறை பார்ப்பேன். ஒரே நாற்பது விநாடித் துண்டு திரும்பத் திரும்ப ஓடும். உதடு எப்போது பிரிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, கண் எந்த இடத்தில் ஆளை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது என்பதெல்லாம் முப்பதாவது தடவையில் தெரிந்துவிடும். யார் நடித்தார், யார் வந்து நின்றுவிட்டுப் போனார் என்பதை என் மேசையில் மறைக்க முடியாது.

அழுகைக் காட்சி பெரும்பாலும் மூன்று நான்கு டேக்கில் முடிந்துவிடும். குரல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பின்னால் வயலின் வந்து தாங்கிக்கொள்ளும். பார்ப்பவரும் பாதி தூரம் இறங்கி வந்து கைகொடுப்பார். சிரிப்புக் காட்சிக்கு அப்படி யாரும் உதவ வருவதில்லை. ஒரு சொல் அரை விநாடி முந்தினாலும் செத்தது, பிந்தினாலும் செத்தது. மூத்த நகைச்சுவை நடிகர் ஒருவர் ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதினேழு டேக் கேட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதல் பதினாறும் எனக்கு நன்றாகவே பட்டன. பதினேழாவதில், சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்கும் ஒரு சின்னச் சத்தத்தை வைத்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். பயந்தவன் ‘சரி’ என்பதற்கும், பயத்தை விழுங்கிவிட்டுச் ‘சரி’ என்பதற்கும் இடையில் இருக்கிற அந்த நூலிழையை அவர் பதினாறு முறை தேடியிருக்கிறார். இதற்கு நடிப்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இதற்குப் பெரிய சாட்சி நாகேஷ். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் அவர் டி.எஸ்.பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஒலியை முழுக்க அடைத்துவிட்டுப் பாருங்கள். கதை சொல்கிறவரை விட்டுவிட்டு, கேட்கிற பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். மகனைக் கேலியாகப் பார்க்கிற தகப்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிப் பயப்படுகிற கணங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். நாகேஷின் தொண்டைக்குள் ஒரு பாழடைந்த வீடே இருக்கிறது. பாலையா எத்தனையோ படங்களில் வில்லனாக மிரட்டியவர். அவர் நகைச்சுவைக்கு வந்தபோது இறங்கிவிட்டார் என்று யாராவது எழுதினார்களா?

அடுத்த ஆண்டு, 1965-இல், ‘திருவிளையாடல்’ வந்தது. கோயில் மண்டபத்தில் நாகேஷின் தருமி தனியாகப் புலம்புகிற காட்சியிலிருந்து சிரிப்பை ஒரு நிமிடம் உரித்து எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆயிரம் பொன் என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு, அந்தப் பொன்னுக்குரிய பாட்டு தனக்கு வராது என்று தெரிந்த ஏழைப் புலவன் தெய்வத்திடம் சண்டை போடுகிறான். வறுமைதான் அங்கே பேசுகிறது. அதே 1965-இல் ‘நீர்க்குமிழி’யில் கே.பாலசந்தர் அவரை மருத்துவமனைக் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வைத்துக் கதையை அவர் தோளில் ஏற்றினார். தருமியும் அந்த நோயாளியும் ஒரே ஆண்டில் ஒரே உடம்பிலிருந்து வந்தவர்கள். எதிலிருந்து எதற்கு உயர்ந்தார் நாகேஷ்?

மாறியது ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். ‘எதிர்நீச்சல்’ (1968) மாதுவை நினைத்துப் பாருங்கள். ஊரே அவனை மாடிப்படி மாது என்றது. பல குடும்பங்கள் ஒண்டியிருக்கும் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிற அநாதை அவன். எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கிறான். மாடிப்படிக்கு அடியில்தான், ஆனாலும் அது ஒரு முகவரி. இரவில் அவன் எங்கே படுக்கிறான், காலையில் யார் வீட்டுக் காபிக்குக் காத்திருக்கிறான், எதற்கு வெட்கப்படுகிறான் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. நாகேஷிடம் எப்போதும் இருந்த நடிப்புக்கு அங்கே கால் ஊன்ற இடம் கிடைத்தது.

இப்போது நம் படங்களில் வருகிற நாயகனின் நண்பனை நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு நாயகன் வீட்டு வாசலில் நிற்பான், இரவு பதினொரு மணிக்கும் அங்கேயே இருப்பான். அவன் எங்கே தூங்குகிறான்? அவன் செல்பேசிக்குப் பணம் கட்டுவது யார்? அவன் அம்மா ஒரு தடவையாவது அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாளா? காதலுக்குத் தூது போவான், நாயகி வீட்டாரிடம் உதை வாங்குவான், குடித்துவிட்டு நாயகன் புலம்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இடைவேளைக்குப் பிறகு நாயகனுக்கு உண்மையான துன்பம் வரும்போது காணாமல் போய்விடுவான். கடைசியில் திருமணப் புகைப்படத்தில் ஓரமாக வந்து சேர்ந்துகொள்வான். பல சமயம் டப்பிங்குக்கு வரும் தாளில் அவனுக்குப் பெயர்கூட இருக்காது, ‘நண்பன் 1’ என்றுதான் இருக்கும்.

காமெடி டிராக் என்று தனியாக எழுதித் தனியாகப் படம்பிடித்து ஒட்டிய காலத்தின் பழக்கம் இது. அந்தக் காலத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதையோடு கட்டப்படாத அந்த இடத்தைக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன் மேடையாக்கிக்கொண்டு, நாயகன் சொல்ல முடியாத சீர்திருத்தக் கருத்துகளைச் சொன்னார். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை எழுதிய ஏ.வீரப்பன் போன்றவர்கள் அந்தத் துண்டுகளுக்குள்ளேயே ஒரு தனி இலக்கணத்தை வளர்த்தார்கள். அந்தக் காட்சியிலும்கூட கவுண்டமணிக்கும் செந்திலுக்கும் ஒரு தொழில் இருந்தது, ஒரு குழு இருந்தது, வாழைப்பழம் வாங்க அனுப்பும் அதிகாரமும் அனுப்பப்படும் கடுப்பும் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அந்த உறவை விட்டுவிட்டு அடியையும் உதையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எங்கே வெட்டினாலும் கதைக்கு ஒரு கீறல் விழாத மனிதர்களை நாம் நூற்றுக்கணக்கில் படைத்துவிட்டோம். சிரிப்புக்கென்றே இருக்கும் தொலைக்காட்சி அலைவரிசைகளில் அவர்கள் இரவும் பகலும் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் படத்திலிருந்து வந்த துண்டு என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

அண்மை ஆண்டுகளில் சிலர் அந்தப் பழக்கத்தை உடைத்தீர்கள். நன்றியோடு சொல்கிறேன்.

மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர்களைத் தவிர வேறு பெயரில்லாத ஒரு முடிதிருத்துநரின் கதை. மரத்தடியில் கிடக்கிறவன், ஒரு கடை வேண்டும் என்று காசு சேர்க்கிறான். அந்தக் காசைப் பத்திரமாக வைக்கப் போன இடத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாளம் வேண்டுமென்றால் பெயர் வேண்டும். தபால் நிலையத்தில் ஒரு பெண் அவனுக்குப் பெயர் வைக்கிறாள். தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சியான ‘லொள்ளு சபா’வில் தொடங்கி, எத்தனையோ படங்களில் தலைமுடிக்கும் உடம்புக்கும் கேலி வாங்கிய யோகி பாபு அந்தப் பெயரைக் கேட்டுக்கொள்ளும் முகத்தைப் பாருங்கள். பெயரில்லாமல் நடித்துக்கொண்டிருந்த எல்லாருக்குமாகச் சேர்த்து அந்தப் பெயர் வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றியது.

‘வெண்ணிலா கபடிக் குழு’ (2009) படத்தில் பரோட்டா சாப்பிட்டுப் பெயர் வாங்கிய சூரிக்கு, ‘விடுதலை’ (2023) காவலர் குமரேசன் வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘கொட்டுக்காளி’யில் பி.எஸ்.வினோத்ராஜ் இன்னும் துணிந்த ஒரு காரியம் செய்தார். பேச்சாலேயே பிழைத்த நடிகரின் தொண்டையைக் கட்டிவிட்டார். கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் பேசவும் முடியாமல் பேசாமலிருக்கவும் முடியாமல் ஒரு முரட்டு ஆள். குரலே என் தொழில் என்பதால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதே நினைப்பில் இருந்தேன். சூரியோடு அதே கபடிக் குழுவில் ஆடிய அப்புக்குட்டி ‘அழகர்சாமியின் குதிரை’க்காக (2011) தேசிய விருது வாங்கியதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. இரண்டு படத்துக்கும் இயக்குநர் சுசீந்திரன். ஒரு படத்தில் ஓரமாக நின்றவரை அடுத்தடுத்த ஆண்டுகளில் நடுவில் நிறுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் தோன்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) வந்த முதல் வாரம் அரங்கில் பார்த்தேன். வடிவேலு முகம் திரையில் வந்ததும் எனக்கு முன்வரிசையில் இரண்டு இளைஞர்கள் பழக்கதோஷத்தில் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளாக அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத்தான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் ஒரு நாற்காலியில் உட்காரத் துணியாத மனிதராக அவர் நின்றுகொண்டே இருக்கிறார். உட்காருங்கள் என்று மகன் சொல்கிறான். வெறும் நாற்காலியைப் பார்த்து ஒரு முகம் அத்தனை பயப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முன்வரிசை அடங்கிப் போயிற்று. வடிவேலுவுக்கு இது புதிதா? ‘தேவர் மகன்’ (1992) இசக்கி கையை இழந்து வந்து நிற்கிற காட்சியைப் பார்த்தவர்கள் அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இசக்கிக்கும் மாமன்னனுக்கும் இடையில் முப்பத்தொரு ஆண்டுகள்.

எம்.எஸ்.பாஸ்கரின் கணக்கும் அப்படித்தான். சன் தொலைக்காட்சியில் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரின் காது கேளாத பட்டாபியாக வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். அந்தப் பட்டாபியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எதிரில் இருப்பவர் சொன்னதைத் தவறாகக் கேட்டு, அந்தத் தவறை முழு நம்பிக்கையோடு பேசுகிற வேடம் அது. கேட்காதவன் எப்படிக் கேட்பான் என்று தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய முடியும். 2007-இல் ராதாமோகன் ‘மொழி’யில் அவரை, மகனைப் பறிகொடுத்த பிறகு 1984-ஆம் ஆண்டிலேயே நின்றுபோன பேராசிரியராக்கினார். அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்த அரங்கம், காரணம் தெரிந்ததும் தன் சிரிப்புக்காகத் தானே வெட்கப்பட்டது. அதற்குப் பிறகு ஸ்ரீகணேஷின் ‘8 தோட்டாக்கள்’ வரப் பத்து ஆண்டுகள். அதிலிருந்து ராம்குமார் பாலகிருஷ்ணனின் ‘பார்க்கிங்’ வர ஆறு ஆண்டுகள். நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, ஓயாமல் நடித்தார். அந்த வேடங்களில் எத்தனை அவருடைய ஆற்றலில் கால் பங்கையாவது கேட்டன என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

‘பார்க்கிங்’ இளம்பரிதி வாடகை வீட்டில் குடியிருக்கிற அரசு ஊழியர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், நேர்மையானவர், சிக்கனக்காரர். மனைவி, மகள், வாசலில் வண்டி நிறுத்த ஓர் இடம். அந்த இடத்துக்குப் போட்டி வரும்போது, வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த நேர்மையே அவருக்குள் விஷமாகத் திரிகிறது. கோபம் ஏறும் இடங்களில் பாஸ்கர் குரலை உயர்த்துவதைவிட மூச்சைப் பிடித்து வைப்பதுதான் அதிகம். அந்தப் பிடிப்பு பட்டாபியிடமும் இருந்தது. அங்கே அது அவிழ்ந்தபோது சிரித்தோம், இங்கே அது அவிழ்ந்தபோது அஞ்சினோம். அறுபதைக் கடந்த பிறகு ஒருவருக்குக் கிடைத்த வேடம் இது. நாகேஷுக்கு ‘நம்மவர்’ (1994) படத்துக்காகத் தேசிய விருது வந்தபோது அவரும் அறுபதைத் தாண்டியிருந்தார். அறுபது வயதுவரை காக்க வைப்பது என்ன கணக்கு? நாற்பது வயதில் இவர்களுக்குத் துயரம் வராதா? முப்பது வயதில் கோபம் வராதா?

பெண்கள் விஷயத்தில் நம் கஞ்சத்தனம் இன்னும் கொடியது. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமாவுக்குத் தேசிய விருது ‘புதிய பாதை’யில் (1989) வந்தது, அதாவது ‘மாலையிட்ட மங்கை’யில் (1958) தொடங்கி முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணியைத் தந்தவருக்கு அதுவரை என்ன குறை இருந்தது? கோவை சரளாவைப் பாலுமகேந்திரா ‘சதிலீலாவதி’யில் (1995) கமல்ஹாசனுக்கு மனைவியாக்கி, கோவைத் தமிழோடும் ஒரு குடித்தனத்தோடும் நிறுத்தினார். நன்றாகத்தானே நின்றார்? அதற்குப் பிறகு அவரை எத்தனை படங்களில் கணவனை அடிக்கிற மனைவியாக மட்டுமே பார்த்தோம்! ‘செம்பி’ (2022) படத்தில் பேத்திக்காகப் போராடும் மலைவாழ் பாட்டியாக அவர் வந்தபோது, தமிழ்நாடே வியந்தது. வியந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் குரலை எத்தனையோ முறை கேட்டவன் நான். வியந்திருக்கக் கூடாது.

தொலைக்காட்சியில் இருக்கும் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. 2005-இல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ போன்ற நிகழ்ச்சிகள் இல்லையென்றால் சிவகார்த்திகேயனைப் போன்றவர்கள் எந்த வாசலில் வந்து நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை. சினிமாவில் யாரையும் தெரியாத பிள்ளைகளுக்கு நீங்கள் திறந்துவிட்ட கதவு அது. அந்த வாசலில் அவர்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். கறுப்பாக இருப்பவனை இருட்டோடு ஒப்பிடுகிறீர்கள், பருத்தவனை மேடை தாங்குமா என்கிறீர்கள், ஒல்லியானவனுக்குப் புடவை கட்டிவிட்டு அருவருக்கிறீர்கள். குரல் மாற்றிப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை, அடுத்தவர் மூச்சு எங்கே ஏறுகிறது இறங்குகிறது என்று மாதக்கணக்கில் கவனித்திருக்கிறான். நடிப்புப் பள்ளியில் கற்றுக்கொள்ள வேண்டிய கவனம் அது. அந்தக் கவனத்தை வைத்து அவன் ஒரு தகப்பனைச் செய்துகாட்டட்டும், ஒரு கந்துவட்டிக்காரரைச் செய்துகாட்டட்டும். தொடர்களில் நிலைமை வேறு. பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒரு நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும். அந்த வேகத்திலும் சிரிப்பின் அளவு தப்பாமல் நடிக்கிறவர்களுக்கு ஒரு கதைக்களம் கொடுத்தால், அழுகையும் சூழ்ச்சியுமாக ஓடும் உங்கள் மாலை நேரம் கொஞ்சம் மூச்சு விடும்.

இனி ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பதினேழு டேக் நடிகரின் பெயரை எழுத மாட்டேன், அவர் விரும்ப மாட்டார். ஒரு படத்தில் அவருக்கு மூன்று காட்சிகள்தான். மூன்றிலும் நாயகனிடம் அறை வாங்க வேண்டும். டப்பிங்குக்கு வந்தவர் உதவி இயக்குநரிடம் இந்த ஆளுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். பெயரெல்லாம் இல்லை ஐயா, நண்பன்தான் என்றான் அந்தப் பையன், மரியாதையாகவே. அவரும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

துண்டு ஓடத் தொடங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். அறை விழுந்ததும் மற்றவர்கள் கன்னத்தைப் பிடிப்பார்கள். இவர் கன்னத்தைத் தொடுவதற்கு முன்னால் சட்டென்று இடப்பக்கம் மேலே பார்த்தார். மூன்று அறைக்கும் அதே பார்வை. காட்சிச் சட்டகத்துக்கு வெளியே அங்கே ஒன்றும் இல்லை. எதற்காக அந்தப் பார்வை என்று டீ குடிக்கும்போது கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. அந்தப் படத்துக்கான பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: பெயர் முருகேசன். வயது 38. மோட்டார் மெக்கானிக், கடை நொடித்துவிட்டது. அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லை. அக்காவுக்கு என்மேல் உயிர்.

அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டாளோ என்று பார்க்கிறேன் என்றார். தம்பி அடிவாங்குவதை அவள் பார்த்தால் தாங்க மாட்டாள்.

முந்தைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஒரு பக்கத்தில் சமையல்காரர், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. இன்னொன்றில் திக்குவாயால் பெண் கிடைக்காத தபால்காரர். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ஒரு வீடு இருந்தது. சிலவற்றில் வாடகைகூட எழுதியிருந்தார். இவர்களில் ஒருவரும் உங்கள் கதைகளில் இல்லை. நீங்கள் கொடுக்காததை அவர் தன் கைக்காசில் கோடு போட்ட நோட்டில் கட்டிக்கொண்டிருந்தார். நாள் சம்பளத்துக்கு வந்து, காலையில் கையில் தரும் ஒற்றைத் தாளைப் படித்துவிட்டு, மதியத்துக்குள் அடிவாங்கி முடித்துவிட்டுப் போகும் ஒருவர்.

படத்தொகுப்பில் அந்தப் பார்வையை எடுத்துவிட்டார்கள். நீளம் கருதியாம்.

இதற்குப் பிறகு என் வேண்டுகோள்களைத் தனியே அடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் தொழில்காரனாக இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே காட்சி என்றாலும் முழுக் கதையையும் அவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள். ஒற்றைத் தாளைக் கொடுத்துவிட்டு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன இடத்தில் அவர் தன் வசனத்தைத் தானே எழுதி உங்கள் காட்சியைக் காப்பாற்றினால், எழுத்தாளர் வரிசையில் அவர் பெயரையும் போடுங்கள். அந்த ‘ஏதாவது’தான் பல படங்களில் மக்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற வரியாக மிஞ்சியிருக்கிறது.

ஒரு பயமும் உண்டு. இந்த வெற்றிகளைப் பார்த்துவிட்டு எல்லாரையும் அழ வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். தாடி வளர்த்து, இருட்டில் நிற்க வைத்து, சிரிக்கவே கூடாது என்று கட்டளையிட்டு, இதுதான் நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். நாயகனாக்கி, நாலு பேரைத் தூக்கி அடிக்க வைத்து, நல்ல நகைச்சுவை நடிகர்களை நாம் இழந்த கதைகளும் நம் கண் முன்னால் இருக்கின்றன. ‘மொழி’ பேராசிரியர் நம்மைச் சிரிக்கவும் வைத்தார். துக்கம் தெரிந்தவர் சிரிக்க வைப்பதும், சிரிப்பு தெரிந்தவர் கலங்க வைப்பதும் ஒரே அடுப்பில் நடக்கிற சமையல். பாதியை அணைத்துவிட்டுப் பாதியை எரிய வைக்க முடியாது.

தேசிய விருதுக் குழுவினர் இதைப் படிக்க நேர்ந்தால், மனோரமா, நாகேஷ், ‘மைனா’வின் தம்பி ராமையா, அப்புக்குட்டி, பாஸ்கர் என்று நீளும் பட்டியலை ஒருமுறை பாருங்கள். நகைச்சுவையில் வளர்ந்த எங்கள் நடிகர்களுக்கு நீங்கள் கொடுத்த மரியாதைக்கு நன்றி. ஒருமுறையாவது, முழுக்க முழுக்கச் சிரிக்க வைத்ததற்காகவே ஒருவருக்குக் கொடுங்கள். தமிழக அரசின் விருதில் நகைச்சுவைக்கென்று தனி இடம் இருக்கிறது, அது நல்ல காரியம்தான். சிறந்த நடிகர் என்ற இடத்துக்கும் அவர்கள் பெயரை எடுத்துப் பேசுங்கள்.

முருகேசனாக இருந்தவர் இப்போது அதிகம் நடிப்பதில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதை அப்படிச் சொல்வார். போன மாதம் ஒரு வேற்றுமொழிப் படத்துக்குக் குரல் கொடுக்க வந்தார். கூட்டத்தில் நிற்கும் ஒரு கிழவர், இரண்டே வரி. முடித்துவிட்டு வெளியே வந்தவர் பையைத் திறந்து, அந்தக் கிழவருக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று என்னிடம் கேட்டார். மூன்று இருக்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்து, நான்கு, ஒன்று தவறிவிட்டது என்று எழுதிக்கொண்டார்.

உங்களில் யாருக்காவது அவர் தேவைப்பட்டால், எந்த டப்பிங் கூடத்திலும் விசாரியுங்கள். நோட்டு வைத்திருப்பவர் என்று கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு மேசையிலிருந்து ஒருவன்